எல்லாவற்றையும் அழிப்பதா, ஒவ்வொன்றாகக் களைவதா, ஓசையை மட்டும் அடக்குவதா?

பதினேழு ஆண்டுகள் ஒரே தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த பிறகு, சென்ற ஆண்டு மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு அங்கிருந்து விலகி, மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை, விடியற்காலையில் டப்பா கட்ட வேண்டியதில்லை என்று நாளின் ஒழுங்கே மாறியது. ஆனால் கைப்பேசியைத் திறந்தால் பழைய அலுவலகம் அப்படியே உள்ளே உட்கார்ந்திருந்தது. யாருக்குப் பதவி உயர்வு, யார் யார் லோனாவ்லாவுக்குச் சுற்றுலா போனார்கள், யாருடைய வழியனுப்பு விழாவில் யார் பேசினார்கள் என்று நான் கேட்காமலேயே எல்லாம் வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்த ஒவ்வொரு காலையிலும் நான் எடுத்த முடிவு சரிதானா என்ற கேள்வி எழுந்தது. பிள்ளைகள் வந்து பாடத்துக்கு உட்காரும்வரை அது என்னை விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஃபேஸ்புக்கில் 1,612 நண்பர்கள், இன்ஸ்டாகிராமில் நான் பின்தொடர்பவர்கள் 540 பேர், லிங்க்ட்இனில் ஏறத்தாழ 900 பேர், வாட்ஸ்அப்பில் 71 குழுக்கள். புதிய தொழிலைத் தொடங்கும்போது இந்தக் கூட்டத்தையும் ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எப்படிச் செய்வது என்பதில்தான் மூன்று மாதம் குழம்பினேன். கேட்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். என் தம்பி கணக்கையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொன்னான். என் தோழி ஒருத்தி வேண்டாதவர்களைப் பொறுமையாக ஒவ்வொருவராக நீக்கச் சொன்னாள். எங்கள் கட்டடத்தில் இருக்கும் கல்லூரி மாணவி, யாரையும் நீக்க வேண்டாம், எல்லாரையும் மியூட் செய்தால், அதாவது அவர்கள் போடுவது நம் கண்ணில் படாதபடி அடக்கிவைத்தால் போதும் என்றாள். மூன்று வழிகளையும் ஓரளவு செய்து பார்த்தேன் என்பதால், அவற்றை அருகருகே வைத்துச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்பு ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தொடர்பு என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது உண்மையில் மூன்று தனித்தனிக் காரியங்கள்: அவர் போடுவது என் கண்ணில் படுவது, நான் போடுவது அவர் கண்ணில் படுவது, தேவை வரும்போது ஒருவரை மற்றவர் எட்ட முடிவது. என்னைச் சோர்வடையச் செய்தது முதலாவது மட்டுமே. வேறொருவருக்கு, பிரிந்துபோன உறவினர் தன் வீட்டுப் படங்களைப் பார்ப்பது தாங்க முடியாததாக இருக்கலாம். அவருடைய சிக்கல் இரண்டாவது. கடன் கேட்டோ வம்பு வளர்த்தோ இரவு பகலாகச் செய்தி அனுப்புகிறவரிடம் மாட்டிக்கொண்டவருக்கு மூன்றாவதுதான் சிக்கல். எந்தக் கதவு நமக்குத் தொல்லை தருகிறது என்று பார்க்காமல் வீட்டையே இடிக்கப் போனதால்தான் நான் முதலில் தவறினேன்.

கணக்கை முழுவதுமாக அழிப்பது மூன்று கதவுகளையும் ஒரே நேரத்தில் மூடுகிறது. அதன் கவர்ச்சியும் அதுதான்: யாரை வைப்பது, யாரை விடுவது என்று ஆள் ஆளாக முடிவெடுக்கும் மன வேதனை இல்லை, யாரும் தன்னை மட்டும் ஒதுக்கிவிட்டதாகக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அழிக்கச் சொன்ன பிறகு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மீண்டும் உள்ளே நுழைந்தால் கோரிக்கையை ரத்து செய்துகொள்ளலாம். அவகாசம் கடந்துவிட்டால் படங்கள், பதிவுகள், நண்பர் பட்டியல் எதுவும் திரும்ப வராது. ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டு உள்நுழைந்த மற்றச் செயலிகளின் கதவும் அதோடு அடைபடும், நாம் ஒருவர் மட்டுமே நடத்திவந்த பக்கங்கள் இருந்தால் அவையும் போய்விடும். ஆனால் நாம் பிறருக்கு அனுப்பிய செய்திகள் அவர்களுடைய பெட்டியில் அப்படியே இருக்கும். ஆகவே இந்த வழியில் போகிறவர்கள், முதலில் தங்கள் தகவல் முழுவதையும் இறக்கிவைத்துக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்தி ஒரு படியைக் கணினியில் சேமித்துவிட வேண்டும். அமைப்புகளுக்குள் அந்த வசதி இருக்கிறது. பல ஆண்டுக் கணக்கென்றால் கோப்பு தயாராவதற்கு நேரம் பிடிக்கும்.

நான் அழிக்கும் பொத்தான்வரை போய்த் திரும்பியதற்குக் காரணம் இவை எதுவும் இல்லை. எங்கள் மேல்மாடியில் குடியிருந்த மாமி 2021 ஏப்ரலில், கொரோனாவின் இரண்டாம் அலையில் இறந்துபோனார். மார்கழி மாதம் முழுவதும் வாசலில் போட்ட கோலத்தை அன்றன்றைக்குப் படமெடுத்து, கீழே “15 புள்ளி, 8இல் நிறுத்தவும், இடைப்புள்ளி” என்று கணக்கோடு எழுதிப் போடுவது அவர் வழக்கம். நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி போட்ட பதிவுகள் அவை. நான் என் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்து, அவருக்கு நட்புக் கோரிக்கை அனுப்பினால் அதை ஏற்க யாரும் இல்லை. இறந்தவரின் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றும் ஏற்பாடு ஃபேஸ்புக்கில் இருக்கிறது, 2015 முதல் உயிரோடு இருக்கும்போதே அதற்கொரு பொறுப்பாளரை நியமித்துவிட்டுப் போகவும் வழி உண்டு, அந்தப் பொறுப்பாளர் புதிய கோரிக்கைகளை ஏற்கலாம். மாமி யாரையும் நியமிக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களிடம் எப்போது வேண்டுமானாலும் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம் என்பது சரியே. இறந்தவர்களிடம் அது முடியாது. நடுவயதைக் கடந்த யாரும் தங்கள் பட்டியலில் இப்படி இரண்டு மூன்று பெயர்களாவது இருப்பதைக் காண்பார்கள். அழிப்பதற்கு முன்பு அந்தப் பெயர்களை நினைத்துப் பார்த்து, அவர்கள் பக்கத்தில் நமக்கு வேண்டியவற்றைச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

முழு அழிப்பில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. அதே கைப்பேசி எண்ணில் புதுக் கணக்கைத் திறந்து, கைப்பேசியில் உள்ள முகவரிப் பட்டியலைப் பதிவேற்ற அனுமதித்தால், “இவர்களைத் தெரிந்திருக்கலாம்” என்று அதே பழைய முகங்களைத்தான் செயலி வரிசையாகக் காட்டும். அவர்களுக்கும் நம்மைக் காட்டும். சில மாதங்களில் பழைய கூட்டம் பாதியாவது திரும்ப வந்து சேர்ந்துவிடும் என்பதை என் தம்பியின் புதுக் கணக்கிலேயே பார்த்தேன். முகவரிப் பதிவேற்றத்தை முதல் நாளிலேயே நிறுத்திவைத்தால் ஒழிய, அழித்துத் தொடங்குவதில் முழுப் பயன் இல்லை.

கைப்பேசி எண்ணையே மாற்றிவிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நம் நாட்டில் வங்கி, ஆதார், பான், யுபிஐ எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன; கைவிட்ட எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகக்கூடியது. நட்புப் பட்டியலைச் சுத்தம் செய்வதற்காக அந்த அளவுக்குப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கணக்கைத் தற்காலிகமாக முடக்கிவைப்பது ஒரு தனி வழியாகத் தோன்றினாலும், அது ஓய்வுதானே தவிர ஒழுங்குபடுத்தல் அல்ல. திரும்பி வரும்போது 1,612 பேரும் விட்ட இடத்திலேயே நிற்பார்கள். பரீட்சை நேரத்துக்கும், துக்க நாள்களுக்கும், மனம் கலங்கியிருக்கையில் அவசர முடிவு எடுத்துவிடாமல் இருப்பதற்கும் அது உதவும். ஃபேஸ்புக்கை முடக்கினாலும் மெசஞ்சரை வைத்துக்கொள்ளலாம் என்பது அதில் உள்ள ஒரு வசதி.

அடுத்தது, ஒவ்வொருவராக நீக்குவது. நேர்மையான வழி என்று எனக்குத் தொடக்கத்தில் தோன்றியது இதுதான். நீக்கியதாக எதிராளிக்கு அறிவிப்பு எதுவும் போகாது. ஆனால் ஃபேஸ்புக்கில் நட்பு இருவழி என்பதால், நீக்கிய அந்தக் கணத்தில் இரண்டு பக்கமும் அறுந்துவிடும். மீண்டும் வேண்டுமென்றால் கோரிக்கை அனுப்பி அவர் ஏற்கும்வரை காத்திருக்க வேண்டும். வேலையின் அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: ஒரு பெயருக்கு அரை நிமிடம் என்றாலும் 1,612 பேருக்கு 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒவ்வொரு பெயரிலும் நின்று “இவர் யார், எங்கே பார்த்தோம், ஏன் சேர்த்தோம்” என்று நினைத்து நினைத்துக் களைத்துப்போன மனத்தோடு எடுக்கும் முடிவுகள். முதல் நாள் இரவு 140 பேரை நீக்கினேன். பிற்பாதியில் நீக்கியவர்களில் பலரை, முதல் அரை மணி நேரத்தில் பார்த்திருந்தால் நிச்சயமாக வைத்திருப்பேன். மொத்தமாக நீக்கித் தருகிறோம் என்று சொல்லும் வெளியார் செயலிகளும் உண்டு. அவற்றிடம் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுப்பது வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதற்குச் சமம் என்பதால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நீக்கியது தெரியாது என்று நினைத்ததும் தவறாகப் போயிற்று. இரண்டு மாதம் கழித்து மாட்டுங்காவில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். வளையல் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றிருந்த என் அம்மாவின் சித்தி மகள், எனக்குச் சித்தி முறை, தாராவியில் நாற்பது ஆண்டுகளாக இருந்தும் பேச்சில் நெல்லை கொஞ்சமும் தேயாதவர், என்னைப் பார்த்ததும் தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் கிட்டே வந்தார். “ஏட்டி, ஃபேஸ்புக்குல என்னைய எடுத்துப்போட்டியாமே, நான் என்ன தப்பு பண்ணுனேன்?” என்று மெதுவாகத்தான் கேட்டார். அவருடைய மகன் என் பக்கத்தைத் திறந்தபோது, பொது நண்பர்களில் தன் அம்மா பெயர் இல்லாததைக் கவனித்திருக்கிறான். என்னிடம் பதில் இல்லை. அவர் காலையில் அனுப்பும் பூப்படங்கள் அதிகமாகிவிட்டன என்பது ஒரு காரணமா? நண்பர் பட்டியலில் ஒரு பெயர் இருப்பதை நான் ஒரு பதிவாகப் பார்த்தேன்; அவர் அதை உறவாகப் பார்த்தார். நம் சமூகத்தில் அழைப்பிதழில் பெயர் விட்டுப்போனால் ஏற்படும் வருத்தத்துக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று இரவே கோரிக்கை அனுப்பினேன், அவரும் ஏற்றுக்கொண்டார்.

இந்த வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்பவர்களுக்கு, நான் பிறகு கண்டுகொண்ட ஒரு முறையைச் சொல்கிறேன். ஒரே இரவில் உட்காராமல், அன்றன்றைக்குப் பிறந்தநாள் என்று காட்டப்படுபவர்களை மட்டும் பார்த்து முடிவெடுப்பது. 1,612 பேர் என்றாலும் நாளுக்குச் சராசரியாக நான்கைந்து பேர்தான் வருவார்கள். பிறந்தநாள் வாழ்த்து ஒரு வரி எழுத மனம் வருகிறதா என்று பார்த்தால், வைப்பதா விடுவதா என்பது தானே தெரிந்துவிடும். வாழ்த்து எழுதும் சாக்கில் சிலரோடு உறவும் புதுப்பிக்கப்படும். பிறந்தநாளை மறைத்துவைத்திருப்பவர்கள் இதில் அகப்பட மாட்டார்கள், ஒரு சுற்று முடிய ஓர் ஆண்டும் ஆகும் என்பவை இதன் குறைகள். இன்ஸ்டாகிராமில் வேலை இன்னும் எளிது: நாம் பின்தொடர்பவர்களுள் மிகக் குறைவாகத் தொடர்புகொண்டவர்கள் யார் என்று 2020 முதல் செயலியே பிரித்துக் காட்டுகிறது.

எவ்வளவு பேரை வைத்துக்கொள்வது என்ற பேச்சு வரும்போதெல்லாம் 150 என்ற எண்ணை யாராவது சொல்கிறார்கள். ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், குரங்கினங்களின் மூளை அளவையும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு, மனிதர் ஒருவர் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் ஏறத்தாழ 150 என்று 1992இல் கணித்தார். அந்த எண்ணைக் காட்டி மீதி 1,462 பேரையும் வெட்டிவிடலாம் என்று நானும் ஒருகட்டத்தில் நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது மனம் தாங்கும் உறவுகளின் அளவைப் பற்றி. முகவரிப் புத்தகத்தில் எத்தனை பெயர் இருக்கலாம் என்பதைப் பற்றி அல்ல. இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வு. பாஸ்டனுக்கு அருகில், தெரிந்தவர்கள் மூலமாகப் புது வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்த்துவந்தீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் என்றவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காடு, எப்போதாவது பார்ப்பவர் மூலம் என்றவர்கள் 56 விழுக்காடு, மிக அரிதாகப் பார்ப்பவர் மூலம் என்றவர்கள் 28 விழுக்காடு. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், தொலைவில் இருப்பவருக்குத்தான் நாம் அறியாத செய்தி தெரியும்.

இது எனக்கு வெறும் ஆய்வுச் செய்தி அல்ல. 2017 ஆகஸ்ட் 29 அன்று பிள்ளையார் பண்டிகைக்கு நடுவில் மும்பையில் பெய்த பெருமழையில் லோக்கல் வண்டிகள் நின்றுபோய், பரேலில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியில் மின்சக்தி குறைந்துகொண்டே வந்தது. “பரேலில் மாட்டிக்கொண்டேன், தாதர் பக்கம் நடக்கிறேன்” என்று ஃபேஸ்புக்கில் ஒரு வரி போட்டேன். சில நிமிடங்களில் அழைத்தவர், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு என் அலுவலகத்தில் எட்டே மாதம் வேலை பார்த்துவிட்டுப் போன ஒரு பெண். அதன்பிறகு நாங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லை. மாட்டுங்காவில் அவள் வீடு. நடந்து வந்துவிடுங்கள் அக்கா, மாற்றுத் துணி எடுத்துவைக்கிறேன் என்றாள். அன்று இரவு அவள் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். எந்தக் களையெடுப்பிலும் முதலில் போகக்கூடிய பெயர் அவளுடையது: பழைய அலுவலகம், குறுகிய பழக்கம், ஆறு ஆண்டு மௌனம். என் முதல் இரவுப் பட்டியலில் நான் நீக்கிய 140 பேரில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேரோ.

ஆகவே மூன்றாவது வழியை, அதாவது யாரையும் வெட்டாமல் ஓசையை மட்டும் அடக்குவதை, நான் இப்போது முன்வைக்கிறேன். ஃபேஸ்புக்கில் அன்ஃபாலோ செய்தால் அவர் நண்பராகவே இருப்பார். அவர் போடுவது மட்டும் நம் கண்ணில் படாது. முடிவு செய்ய இயலாதவர்களை ஸ்நூஸ் செய்தால் 30 நாள் மறைந்திருந்து தானே திரும்ப வருவார்கள். அந்த முப்பது நாளில் அவரை நாம் நினைத்தோமா என்பது நமக்கே தெரிந்துவிடும். இன்ஸ்டாகிராமில் மியூட் வசதி 2018 முதல் இருக்கிறது, பதிவுகளை மட்டுமோ ஸ்டோரிகளை மட்டுமோ தனியாகவும் அடக்கலாம். பழைய அலுவலகத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 200 பேரை நான் இப்படி அன்ஃபாலோ செய்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மறுநாள் காலையிலேயே திரை வேறாக இருந்தது. யாருடைய மனமும் நோகவில்லை, எவருக்கும் எதுவும் தெரியவில்லை, அந்த மாட்டுங்காப் பெண் இன்றும் நான் மழையில் மாட்டிக்கொண்டால் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறாள்.

இந்த வழியின் குறையை மறைக்கக்கூடாது. இது முதல் கதவை மட்டுமே மூடுகிறது. நாம் போடுவதை அவர்கள் தொடர்ந்து பார்ப்பார்கள். புதிய தொழிலின் தடுமாற்றங்களைப் பழைய மேலாளர் பார்க்க வேண்டாம் என்று நினைப்பவர் இத்தோடு நிற்க முடியாது. ஃபேஸ்புக்கில் ரெஸ்ட்ரிக்டெட் என்ற பட்டியலில் ஒருவரைச் சேர்த்தால், நட்பில் இருந்துகொண்டே நம் பொதுப் பதிவுகளை மட்டும்தான் அவர் பார்க்க முடியும். பழைய பதிவுகள் அனைத்தையும் நண்பர்கள் அளவுக்குள் ஒரே சொடுக்கில் சுருக்கவும், ஆண்டுவாரியாகத் தேர்ந்தெடுத்து ஆர்க்கைவ் செய்யவும், அதாவது அழிக்காமல் பிறர் கண்ணில் படாதபடி ஒதுக்கிவைக்கவும் வசதிகள் உள்ளன. இன்ஸ்டாகிராமில் நாம் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் காட்டும் குளோஸ் ஃபிரெண்ட்ஸ் பட்டியல் இதற்கே. 2019இல் அங்கே வந்த ரெஸ்ட்ரிக்ட் வசதி ஒருவருடைய கருத்துகளையும் செய்திகளையும்தான் அடக்கும், நம் பதிவுகளை அவரிடமிருந்து மறைக்காது. மேலும் யாரையும் நீக்காமல் வைத்திருப்பதால் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும் என்பதும் உண்மை. ஃபேஸ்புக்கில் 5,000 என்ற எல்லை இருக்கிறது, நம்மில் பெரும்பாலோர் அதன் அருகில்கூடப் போக மாட்டோம்.

நம்மைத் துன்புறுத்துகிறவர், மிரட்டுகிறவர், நம் படங்களைத் தவறாகப் பயன்படுத்துகிறவர் விஷயத்தில் மட்டும் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அங்கே மியூட் போதாது. மூன்றாவது கதவையும் சேர்த்து அடைக்கும் பிளாக்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்பு அவர் அனுப்பியவற்றைத் தேதியோடு திரைப்படி (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கும்போது அவையே சான்று. ஆத்திரத்தில் முதலில் கணக்கை அழித்துவிட்டால் சான்றும் கூடவே போய்விடும்.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மும்பைத் தமிழர்களின் உண்மையான நெரிசல் நண்பர் பட்டியலில் இல்லை, அங்கேதான் இருக்கிறது. சொசைட்டிக்கு (குடியிருப்புச் சங்கத்துக்கு) ஒன்று, சேடா நகர் முருகன் கோயில் விசேஷங்களுக்கு ஒன்று, ஊர்ச் சங்கத்துக்கு ஒன்று, பள்ளித் தோழிகளுக்கு இரண்டு, பழைய லோக்கல் பெட்டித் தோழிகளுக்கு ஒன்று, முடிந்துபோன திருமணங்களின் வேலைக்காகத் தொடங்கி யாரும் கலைக்காமல் விட்டவை பதினொன்று. இங்கே நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: இந்தக் குழுவில் வரும் செய்தி எனக்கு வேறு வழியில் வந்து சேருமா? சேராது என்றால் இருக்க வேண்டும். நாளைக் காலை தண்ணீர் டேங்கர் வருமா என்பது சொசைட்டிக் குழுவில் மட்டும்தான் தெரியும். ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது 2024 நவம்பரில். பொங்கலுக்குத் திருநெல்வேலி போக என்றைக்குப் பதிவு திறக்கிறது என்று எங்கள் ஊர்க் குழுவில்தான் ஒருவர் கணக்கிட்டுச் சொல்கிறார். ஊரில் ஒரு சாவு என்றாலும் முதலில் அங்கேதான் தெரிகிறது. அந்தக் குழுவில் ஒரு நாளைக்கு 60 வாழ்த்துப் படங்கள் வருகின்றன என்பதற்காக வெளியேறியிருந்தால், சென்ற ஆண்டு எங்கள் பெரியப்பாவின் காரியத்துக்கு நான் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்.

அப்படிப்பட்ட குழுக்களை நிரந்தரமாக மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிடுவது போதும். முன்பு புதுச் செய்தி வந்தால் ஆர்க்கைவிலிருந்து மேலே ஏறி வந்துவிடும். 2021 முதல் அது அங்கேயே இருக்கிறது, இரவில் ஒருமுறை நாமே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். செய்தி வேறு வழியில் வந்துவிடும் என்ற குழுக்களிலிருந்து வெளியேறுவதில் தயங்க வேண்டியதில்லை. 2022 முதல், வெளியேறுவது அட்மின்களுக்கு மட்டுமே அறிவிக்கப்படுகிறது. ஆனால் கடந்த 60 நாளில் யார் யார் விலகினார்கள் என்பதைத் தேடிப் பார்ப்பவர்கள் பார்க்க முடியும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நெருங்கிய உறவினர் அட்மினாக இருந்தால், விலகுவதற்கு முன்பு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை. “அண்ணே, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நேரத்தில் செய்திகள் வருகின்றன, தனியாகக் கூப்பிட்டால் எப்போதும் பேசுகிறேன்” என்று நான் சொன்னபோது யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில், நம்மைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்ற அமைப்பை மாற்றிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மூன்று மாதத்தில் பழைய எண்ணிக்கை திரும்பிவிடும். என் 71 குழுக்களில் 38இலிருந்து விலகினேன், 21 ஆர்க்கைவில் இருக்கின்றன, 12 மட்டும் கண்முன் இருக்கின்றன.

லிங்க்ட்இனில் நீக்குவதைவிட அன்ஃபாலோ செய்வதே எப்போதும் மேல் என்று நினைக்கிறேன். அங்கே ஒருவரைத் தொடர்பிலிருந்து எடுத்துவிட்டால், அவர் நமக்கு எழுதிய பரிந்துரையும் அதோடு போய்விடும், மீண்டும் சேர்ந்தாலும் அது திரும்ப வராது. வேலை மாறுகிற நேரத்தில் யாரும் இழக்க விரும்பாத பொருள் அது.

இவ்வளவுக்குப் பிறகும், புதிய தொடக்கம் என்ற உணர்வு எனக்கு எதிலிருந்து வந்தது என்று கேட்டால், பழைய கூட்டத்தை ஒழுங்குபடுத்தச் செய்த எதிலிருந்தும் வரவில்லை. பக்கத்திலேயே சிறிதாக ஒன்றைத் திறந்ததிலிருந்துதான் வந்தது. ஃபேஸ்புக்கில் ஒரே கணக்கின்கீழ் கூடுதலாக நான்கு முகப்புகள் (புரொஃபைல்கள்) வரை வைத்துக்கொள்ள 2023 செப்டம்பரில் வழி வந்தது. இன்ஸ்டாகிராமில் ஒரே கைப்பேசியில் ஐந்து கணக்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். பாடத்துக்கென்று தனியாக ஒரு கணக்கைத் தொடங்கினேன். அதில் 43 பேர்: பிள்ளைகளின் பெற்றோர், மூன்று ஆசிரியைகள், வினாத்தாள் பகிரும் இரண்டு முன்னாள் மாணவர்கள். காலையில் முதலில் திறப்பது அதைத்தான். பழைய கணக்கு அணைக்கப்படாமல், அடக்கிவைக்கப்பட்டு, வாரத்துக்கு ஒருமுறை திறக்கும் பரண்போல இருக்கிறது. முற்றிலும் வேறு ஊருக்கு, வேறு வாழ்க்கைக்குப் போகிற இளைஞர் ஒருவர், இழப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை என்றால், தகவலை இறக்கிவைத்துக்கொண்டு கணக்கை அழிப்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். முன்னூறு பேருக்குள் உள்ளவர், பிறந்தநாள் முறையில் ஓராண்டில் பட்டியலை மனநிறைவோடு சீர்செய்துவிடலாம். உறவும் ஊரும் தொழிலும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கும் என்போன்றவர்கள் முதலில் ஓசையை அடக்கி, பிறகு பதிவுகளின் பார்வையாளர்களைச் சுருக்கி, அதன்பிறகும் உறுத்துகிற பெயர்களை மட்டும் நீக்குவது நல்லது. நான் அப்படிக் கடைசியாக நீக்கியவர்கள் 26 பேர். அவர்களில் பெரும்பாலோர் யாரென்றே எனக்கு நினைவில்லாதவர்கள்.

ஒரு பெயரில் மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லை. மாமியின் பிறந்தநாளை ஒவ்வொரு நவம்பரிலும் செயலி நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது, விவரம் தெரியாதவர்கள் அவர் பக்கத்தில் போய் “நீடூழி வாழ்க” என்று எழுதுகிறார்கள். நினைவுக் கணக்காக மாற்றினால் அந்த நினைவூட்டல் நின்றுவிடும், கோலங்கள் இருக்கும். ஆனால் அதைக் கேட்க வேண்டியது நான் அல்ல, பூனாவில் இருக்கும் அவர் மகள். இதைச் செய்தியாக எழுதி அனுப்ப இரண்டு முறை தட்டச்சு செய்து அழித்துவிட்டேன். தீபாவளி விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பாடம் இல்லாத ஒரு நாளில் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, கோலப் படங்கள் அனைத்தையும் ஒரு பென்டிரைவில் கொடுத்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.